ஒரு ஆளுக்குச் செய்த கிரனோலா

கணபதி,
கோயமுத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நித்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். இங்கே வெயில் தணிந்து, சாயங்காலமானால் பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று வர ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் மட்டும் போன வாரம் முழுக்க என் மானம் போய்க்கொண்டிருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டாயானால் இன்னும் மோசமாக இருக்கும்.

காலையில் சாக்லேட் கிரனோலாதான் சாப்பிடுகிறேன் என்று சொன்னாய் அல்லவா, அதே பாக்கெட்டைச் சத்தி ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்தேன். பின்பக்கத்து எழுத்துக்கு என் கண்ணாடி போதவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் ஓட்ஸ், அடுத்ததே சர்க்கரை. அதற்குக் கீழே வாயில் நுழையாத பேர்கள். பத்தாவதை இரண்டு முறை எழுதினவனுக்கே இது சரியில்லை என்று தெரிந்தது. நாமே செய்து அனுப்பினால் என்ன என்று அங்கேயே ரோசம் வந்துவிட்டது. நான் சுடுதண்ணி வைத்தாலே அடிப்பிடிக்கும் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன்.

வீடியோ பார்த்தேன். எல்லாரும் ஓவனில் வைக்கிறார்கள். நம் வீட்டில் ஓவன் கிடையாது. ஆனால் பட்டறையில் இருக்கிறதே. செம்புக் கம்பியில் காயில் கட்டிய மோட்டாரை வார்னிஷில் முக்கி எடுத்துக் காய வைப்போமே, அந்தப் பெரிய ஓவன். வைத்த சூடு வைத்தபடி நிற்கும். எந்த பேக்கரிக்காரனிடமும் இந்தக் கன்ட்ரோல் இருக்காது என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஒரு பகல் முழுக்கக் காலியாகவே ஓட விட்டேன். புது எவர்சில்வர் தட்டு வாங்கி ஓட்ஸ், பாதாம், பூசணி விதை, தேன், கோகோ எல்லாம் கலந்து பரப்பி உள்ளே வைத்தேன். வெளியே வந்தபோது என்ன நிறம் என்கிறாய். கடித்தால் நொறுங்குகிறது. வாசனைதான், புது மோட்டாரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி.

பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிற நம் அப்புசாமி ஒரு துண்டை வாயில் போட்டான். ரொம்ப நேரம் மென்றான். பிறகு வெகு மரியாதையாகக் கேட்டான்: "ஏனுங்ணா, இது சிங்கிள் பேஸுங்களா, த்ரீ பேஸுங்களா?"

அவ்வளவுதான். பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர்கள்கூட டீ குடிக்க வருகிற சாக்கில் எட்டிப் பார்த்து, பலகாரத்துக்கு எத்தனை எச்.பி. என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மானத்தைக் காப்பாற்ற நான் இரண்டு கரண்டி தின்றேன். சாயங்காலம் வரைக்கும் ஏப்பத்தில் வார்னிஷ் வந்தது. மீதியைக் காக்கைக்குக்கூட வைக்காமல் குழி தோண்டிப் புதைத்தேன்.

இரண்டாவது தடவை வேறு மாதிரி ஏமாந்தேன். கோகோ என்று நான் வாங்கி வந்தது குழந்தைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கிற சாக்லேட் பொடியாம். அதில் பாதி சர்க்கரை. அப்துல் நாசரை உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனைமலைத் தோட்டத்துக்காரர், அவருடைய மோட்டார் எது புகைந்தாலும் நம்மிடம்தான் வரும். அவர் தென்னைக்கு ஊடே கோகோ மரம் வைத்திருக்கிறார். மோட்டார் எடுக்க வந்தவரிடம் சொன்னேன். அடுத்த நடையில் சுத்தமான கோகோ பொடி ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஆசையாக ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். ஒன்றுமே கலக்கவில்லை, அதனால்தான் கசக்கிறது என்று சிரித்தார். உண்மையான சாக்லேட் இவ்வளவு கசக்கும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

இத்தனைக்கும் அப்புறம்தான் வீட்டு அடுப்புக்கு வந்தேன். அங்கே அம்மா இருந்தாள். அங்கேதான் நான் மாட்டினேன்.

நீ மாப்பிள்ளை சசிதர் வீட்டை விட்டு வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருப்பதை என்னிடம் மட்டும் சொன்னாய். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அது வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்றாய். நான் திறக்கவில்லை. ஹாஸ்டலில் டிபன் தயாராவதற்கு முன்னால் நீ ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறாய், அதனால்தான் பாக்கெட்டை நம்பி இருக்கிறாய் என்பதையும் சொல்லவில்லை. ஆனால் சமையல்காரம்மா வைத்திருக்கிற வீட்டில் வாழ்கிற பெண்ணுக்கு, அப்பன் எதற்குத் திடீரென்று ஓட்ஸ் வறுக்கிறான் என்று எவருக்கும் தோன்றும் அல்லவா. அம்மா கேட்டாள். இப்போது எல்லாரும் இதுதான் சாப்பிடுகிறார்கள், சும்மா ஒரு ஆசைக்கு என்றேன். அவள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அவள் செய்த விதத்தை எழுதுகிறேன். நாளைக்கு நீயும் செய்யலாம். ஓவனே வேண்டாம் என்றுவிட்டாள். கனமான இரும்பு வடச்சட்டியை வைத்து, ஓட்ஸைச் சின்னத் தீயில் வாசம் வருகிற வரைக்கும் வறுத்துத் தனியாகக் கொட்டினாள். பாதாமை ஒன்றிரண்டாகத் தட்டி, நிலக்கடலை, பூசணி விதை, வெள்ளை எள், சீவின கொப்பரை என்று ஒவ்வொன்றாக வறுத்தாள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எள் கருகும், பாதாம் வேகாது, இது தெரியாமலா வீடியோ பார்த்தீர்கள் என்று எனக்கு ஒரு குட்டு. பிறகு அதே சட்டியில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம், நாட்டுச் சர்க்கரை கொஞ்சம். அது உருகி நுரைத்ததும் தீயை அணைத்துவிட்டுக் கோகோ பொடி, ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பு எரியும்போது கோகோவைப் போட்டால் தீய்ந்து கசப்பு ஏறிவிடுமாம். வறுத்ததை எல்லாம் அதில் கொட்டிப் புரட்டி, மறுபடி மெல்லிய தீயில் ஈரம் போகக் கிளறி, தட்டில் அழுத்திப் பரப்பினாள். ஆறுகிற வரைக்கும் தொடக்கூடாது. நான் தொட்டேன். அந்த மூலை மட்டும் பொடியாகப் போய்விட்டது. பாட்டிலின் அடியில் கிடக்கிற தூள் என்னுடைய கைங்கரியம்.

அளக்கும்போதுதான் கேட்டாள், "மாப்பிள்ளைக்கும் சேத்துத்தானுங்களே?" என்று. ஆமாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஓட்ஸை அளந்து போட்டாள். உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாட்டில்களில் ஒன்றே ஒன்றை எடுத்து வந்து துடைத்தாள்.

எனக்குப் புரியவில்லை. ரெண்டு பேருக்கு இது போதுமா அம்மிணி என்று கேட்டேன். ஒரு ஆளுக்கு இது தாராளம் என்றாள்.

உன் அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது கண்ணு. நீ வீடியோ காலில் பேசும்போது உன் முதுகுக்குப் பின்னால் மேலும் கீழுமாக இரும்புக் கட்டில் தெரிந்ததாம். மேல் கட்டிலில் யாரோ ஒரு பெண்ணின் துண்டு காய்ந்துகொண்டிருந்ததாம். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உன் முகம் மட்டும்தான் தெரிந்தது. இத்தனை நாளாக ஒரு பெரிய ரகசியத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டிருப்பதாக நினைத்து, வீட்டில் உன் பேச்சு வந்தாலே இருமிக்கொண்டு எழுந்து போனேன். அவளோ, இந்த மனுஷன் எப்போது வாய் திறப்பார் என்று பார்த்துக்கொண்டே எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அதையும் குடித்தேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்வதற்கு என்னிடம்தான் என்ன இருந்தது. என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான், கை நீட்டினாரா என்று. தெரியாது என்றேன். பிறகு, நித்யா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றாள். நீ அழுவாய் அம்மிணி, அனுசரித்துப் போகச் சொல்வாய் என்று பயந்திருப்பாள் என்றேன். அதற்கு அவள் சொன்னதை மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன்.

"அழுவத்தானுங்க அழுவேன். அழுதுபோட்டு எம்புள்ளைக்குச் சோறு போட மாட்டனா? இதைப் பொட்டலம் கட்டி அங்க அனுப்பறதென்னுங்க, அவளை இங்க வந்து திங்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அழவும் செய்தாள். ஆனால் பாட்டிலில் அடைத்து முடித்த பிறகுதான்.

போனில் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், போனில் நீங்கள் சாப்பாட்டையும் மழையையும் பேசி மழுப்பிப் போடுவீர்கள், உட்கார்ந்து எழுதுங்கள் என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். பார்சல் ஹாஸ்டல் விலாசத்துக்கே வருகிறது. விலாசத்தை எழுதினது அவள்தான், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு விஷயம். கருமத்தம்பட்டி சித்தியின் பையன் கிருபாசங்கருக்கு ஆவணியில் கல்யாணம் என்று உனக்குத் தெரியும். அவனுக்குக் கூடப் பிறந்த பெண் இல்லை. அக்கா முறையில் நீதான் மாப்பிள்ளைப் பையன் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்ய வேண்டும் என்று சித்தி முன்னமே சொல்லி வைத்திருந்தாள். முந்தாநாள் போன் செய்து, நித்யாவும் மாப்பிள்ளையும் ஜோடியாக வந்துவிடுவார்கள்தானே என்று கேட்டாள். நான் வழக்கம்போல இருமத் தயாரானேன். அம்மா போனை வாங்கி, "நித்யா வருவா. மாப்பிள்ளை வர மாட்டாரு. எம்புள்ளைதான் மணவறையில தம்பி பக்கத்துல நிப்பா, அதுல ஒண்ணும் மாத்தமில்லை" என்றாள். அப்புறம் சித்தி, சீருக்கு நித்யாவுக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கட்டும் என்று கேட்டாள். பச்சை வேண்டாம் என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறாள். மீதியை நீ சொல்.

கல்யாணத்தில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்கிறவர்களை எல்லாம் என்னிடம் அனுப்பிவிடு. வார்னிஷ் ஓவனில் பலகாரம் சுட்ட கதையை ஆரம்பித்தேன் என்றால் அவர்கள் பந்தி முடிகிற வரைக்கும் எழுந்து போக முடியாது.

கிரனோலாவைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரக் கரண்டி போடாதே. பாலைவிடத் தயிரில் நன்றாக இருக்கிறது, ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டுக்கொள். உலர்ந்த திராட்சையைத் தனியாக மடித்து வைத்திருக்கிறாள், சாப்பிடும்போது கலந்துகொள்ள வேண்டும், முன்னமே போட்டால் நமுத்துவிடும். கசப்பாக இருந்தால் தேன் சேர்த்துக்கொள். அந்த மேல் கட்டில் பெண்ணுக்கும் கொஞ்சம் கொடு. தீர்ந்தால் இன்னொரு பாட்டில் அனுப்புவீர்களா என்று கேட்காதே. அம்மா அனுப்புவதாக இல்லை.

உன் ஆபீஸில் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவார்களா என்று அவள் கேட்கச் சொன்னாள். மாடி அறையில் இன்டர்நெட் நிற்கிறதா என்று நான் பார்த்துவிட்டேன், ஜன்னல் ஓரம் நன்றாக எடுக்கிறது. அங்கே கிடந்த பழைய மோட்டார் கூடுகளை எல்லாம் அப்புசாமியும் நானும் கீழே இறக்கிவிட்டோம். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. பாப்பா எப்ப வாருதுங்ணா என்று மட்டும் கேட்டான்.

சசிதரோடு பேச வேண்டும், பெரியவர்கள் உட்கார்ந்து முடிக்க வேண்டும் என்றால் அதெல்லாம் நீ சொல்கிற நேரத்தில், நீ சொல்கிற மாதிரி. நீ வேண்டாம் என்றால் நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். போகச் சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்புகிறேன். காரணத்தையும் எங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்.

எழுத உட்கார்ந்ததே ஒன்றைச் சொல்லத்தான். இத்தனை பக்கம் சுற்றிவிட்டேன். சித்திரையில் வந்துவிட்டு நீ திரும்பினபோது நான்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். சீட்டில் போய் உட்காராமல், வண்டி கிளம்புகிற வரைக்கும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு கால் படியில் இருந்தது. நான் பார்த்தேன். தண்ணி பாட்டில் எடுத்துட்டியா என்று கேட்டேன். நீ தலையாட்டினாய், வண்டி நகர்ந்துவிட்டது. நான் கேட்க வந்தது தண்ணி பாட்டிலை இல்லை.

இறங்கிக்க கண்ணு.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா,
கந்தப்பன்