பார்கோடு வெட்டிய பெட்டி

மூர்ஹெட், மின்னசோட்டா
14 ஏப்ரல் 2002, ஞாயிறு

அன்புள்ள ரோலண்டுக்கு,

நோரீன் எழுதுகிறேன். நான் நலம். அலாஸ்காக் குளிரில் உன் விரல்கள் மரத்துப்போவது நின்றதா?

வியாழனன்று நீ மீன் கப்பலிலிருந்து பேசியபோது உனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பது கேட்டது. "அந்த ரிபேட் பணம் வந்துச்சா?" என்று கேட்டாய். "வரும்" என்றேன். அதோடு லைன் போய்விட்டது. சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

மார்ச்சில் நிலவறையில் ஊறும் தண்ணீரை இறைக்கப் புதுப் பம்பு வாங்கினேன். ரசீதையும் பெட்டியின் பார்கோடையும் தபாலில் அனுப்பினால் ரிபேட்டாக நாற்பது டாலர் திரும்பி வரும் என்று கடையிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அன்றைக்கே வெட்டி அனுப்பிவிட்டேன். உன் அக்கா மார்லிஸ் வழக்கம்போலக் கேலி செய்தாள். "நாலு டாலருக்கும் அஞ்சு டாலருக்கும் கத்தரிக்கோலோட உக்காந்திருக்கியே, மணிக்கு என்ன கூலி விழுதுன்னு பாத்தியா?" என்றாள். "டிவி பாத்தா மட்டும் யாரு கூலி குடுக்கறா?" என்றேன் நான். இந்தக் குளிர்காலத்தில் பேட்டரிக்கு வந்தது, டயருக்கு வந்தது. போனுக்கு மட்டும் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் லாபம்தான் என்றிருந்தேன்.

செவ்வாயன்று காலை உருகிய பனியோடு மழையும் சேர்ந்துகொண்டது. புதுப் பம்பு உறுமியது, பிறகு நின்றேபோனது. நிலவறையில் உன் அப்பாவின் கட்டில்கால் நனைந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பிளக் எல்லாம் தரையோரம். மெயினை அணைத்தேன். அவருடைய ஆக்சிஜன் மெஷினும் அதோடு நின்றது. அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டி, படியேற்றி, ஹால் சோபாவில் உட்கார வைத்தேன். நடுப்படியில் நின்று என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

மார்லிஸ் வந்து தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். உன் அப்பாவைத் தெரியாதா? "தண்ணி வந்தா வந்துட்டுப் போகட்டும். இந்த ஐவர் எங்கயும் போறதா இல்ல" என்றார், தன் பேரைத் தானே சொல்லி. சிலிண்டர் மதியம்வரை தாங்கும் என்று அவளை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு, பம்பைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மாற்றி வாங்கி வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

கவுன்டர் பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பார்கோடு இல்லீங்களே. அசல் ரசீதும் இல்ல. இத நாங்க திருப்பி எடுக்க முடியாதுங்க."

"அத வெட்டி அனுப்பச் சொன்னதே உங்க நோட்டீஸ்தானே?"

"ரிபேட் குடுக்கறது பம்பு கம்பெனிங்க. நாங்க வேற. அவங்களுக்கே தபால்ல அனுப்பிடுங்க, மாத்தித் தருவாங்க."

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்தேன். அவர் வந்தும் அதே பதில். விடவில்லை, வாதாடினேன். ரோலண்ட், புதுப் பம்பு வாங்க என் பையில் பணம் இருந்தது. அப்பாவின் மருந்துக்கு எடுத்து வைத்தது. அதைத் தொடக்கூடாது என்றுதான் நின்றேன். நியாயம் என் பக்கம் என்கிற வீம்பும் இருந்தது. கடைசியில் அந்தப் பணத்திலேயே இன்னொன்று வாங்கினேன். இதிலும் ரிபேட் உண்டு என்று ஒரு தாளை நீட்டினாள் அந்தப் பெண்.

திரும்பி வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவர் திணறித் திணறி மூச்சு வாங்கியதில் சிலிண்டர் நினைத்ததைவிட முன்னாலேயே தீர்ந்துவிட்டது. மார்லிஸ் என்னைப் பார்த்து, "இவ்வளவு நேரமா நோரீன்?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

புதுப் பம்பு ஓடுகிறது. நிலவறை காய்ந்துவிட்டது. அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நம் அறையில்தான் படுக்கை, நான் சோபாவில். சூப் மட்டும் இறங்குகிறது. சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போனேன், நாளைக்கு என்றார். அவர் நாளைக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மகன் எப்போது வருவார் என்று கேட்டார். கோடைப் பருவத்துக்கும் கப்பலில் இருந்தால் அக்டோபர் ஆகும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அவன்கிட்ட எதையும் எழுதாத. மீன் வெட்டக் கத்தி புடிக்கிற வேலை, கவனம் செதறும்" என்று அப்பா சொன்னார். அவர் தூங்குகிறார், அதனால் எழுதுகிறேன்.

கோடைக்கும் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள், முழுப் பருவமும் இருந்து முடித்தால்தான் போனஸ் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பெரிய தொகைதான். என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் வரட்டும். அதை நேரில் வந்து சொல். அந்த ஒப்பந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதே.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன்,
நோரீன்