நீலக்கிளி விற்ற கடை

1996 ஜூலை 8, திங்கள்

இன்று சேரன்மகாதேவி மண்ணில் ஒரு மாபெரும் சிருஷ்டி நிகழ்ந்தது. நிகழ்த்தியவன் அடியேன், பாபநாசம் என்று பேர், உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியன்.

அக்கா மகள் மதுமதி கல்வியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். பள்ளிகளில் போதைத் தடுப்புப் பாடம் நடத்துகிறார்களே, அதனால் பிள்ளைகளிடம் ஏதாவது மாறியதா என்று அளக்க ஒரு வினாத்தாள். அளப்பதற்கு முன்னால் அளவுகோலே நேரா, கோணலா என்று பார்க்க வேண்டுமாம். அந்தப் பரிசோதனைக்கு எங்கள் பள்ளியைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

கஞ்சா, அபின், புகையிலை என்று போகிற பட்டியலின் நடுவில், மூவுலகிலும் இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைச் செருகுவார்களாம். அதையும் ‘தெரியும்’ என்று டிக் போட்டவனின் தாள் தள்ளுபடி. மற்றதிலும் அளந்து விட்டிருப்பான் என்று கணக்கு.

“இல்லாததச் சொல்ல உங்கள விட்டா எனக்கு யாரு மாமா இருக்கா?” என்றாள்.

‘கந்தர்வ ராஜ குளிகை’ என்றேன். லேகியம் மாதிரி இருக்கிறதாம். மூன்று காபிக்குப் பிறகு பிறந்தது நீலக்கிளி. பிரம்மதேவன் நான்கு தலையையும் நீட்டிப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பான்.

ஜூலை 11, வியாழன்

ஒன்பதும் பத்தும் எழுதின. பெயர் வேண்டாம், மார்க் கிடையாது, தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று போடுங்கள் என்று மதுமதி தொண்டை வற்றச் சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, தாளை ஓரம் மடித்து, பிள்ளையார் சுழி போட்டு எழுதினார்கள்.

ஜூலை 12, வெள்ளி

மதுமதி அழாத குறை. பாதிக்கு மேல் நீலக்கிளி தெரிந்தவர்கள். எட்டுப் பேர் தின்றே இருக்கிறார்கள்!

பிள்ளைகளை என்ன சொல்ல? எந்தக் கேள்வியையும் சும்மா விடாதே லே, எதையாவது எழுது, அரை மார்க்காவது விழும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து ஓதுகிறோம். தெரியாது என்று எழுதினால் எங்கள் பள்ளியில் பெஞ்ச் மேல் ஏற்றுவோம். ‘எங்கே கிடைக்கும்?’ என்ற வரியையும் அவர்கள் விடவில்லை. அவர்களுக்கு உலகத்தில் எந்தச் சாமானும் கிடைக்கிற இடம் ஒன்றுதான். ‘கேட் கடை’ என்று எழுதிவிட்டார்கள். பள்ளி வாசலில் இருக்கிற தாஜ் முகம்மதுவின் கடை. இலந்தை வடை, ரீஃபில், கமர்கட்டு, பெப்பர்மிண்ட். அவ்வளவுதான் அங்கே இருப்பது.

“தோத்தது வினாத்தாளுதான் மாமா, பிள்ளைக இல்ல. வேற எழுதணும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விடைத்தாள் கட்டை ஹெட்மாஸ்டர் அறையில் வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை எடுத்துப் போவாள்.

ஜூலை 15, திங்கள்

ஹெட்மாஸ்டர் ஞானசிகாமணி கட்டைப் பிரித்துப் படித்துவிட்டார். 

“வே பாபநாசம், உம்ம மருமவ சாதிச்சிட்டா வே! நம்ம மூக்குக்குக் கீழ நடந்திருக்கு, நமக்குத் தெரியல.”

“சார், அப்படி ஒரு சாமானே கிடையாது. நான் வச்ச பேரு.”

“நீரா?” கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “ஆத்துல முதலையக் குடையால அடிச்சு வெரட்டினதும் நீரு. இப்போ போதை மருந்தக் கண்டுபிடிச்சதும் நீருதானாக்கும்.”

“சத்தியமா சார்.”

“முதலைக்கும் சத்தியம்தான் வே பண்ணினீரு.”

பண்ணினேன். ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கைதட்டியது.

ஜூலை 16, செவ்வாய்

வகுப்பில் நேரடியாகவே கேட்டுவிட்டேன். “ஏலே, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. நீலக்கிளிய எவன் பாத்தான்?”

நாக்கில் வைத்தால் குளிருமாம். வண்ணார்பேட்டையில் ஒருவனுடைய பெரியம்மா மகன் தின்றுவிட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தானாம். “நிறம் நீலமில்ல சார், பச்ச. நீலம் போலி” என்கிறான் ஒருத்தன்.

என் வாழ்நாள் முழுக்க நான் விட்ட சரடெல்லாம் இவர்கள் முன்னால் வெறும் நூல்.

ஜூலை 18, வியாழன்

ஹெட்மாஸ்டர் புகார் கொடுத்து, போலீஸ் வந்தது. கடையைக் கிளறி ஒரு பாட்டிலை எடுத்துப் போனார்கள். நீலக் காகிதம் சுற்றிய பெப்பர்மிண்ட். தாஜ் முகம்மது இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து போனார். பிள்ளைகள் காம்பவுண்டு சுவர் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் என்ன செய்ய?

ஜூலை 19

பெப்பர்மிண்ட்தான் என்று சொல்லி, நேற்றுச் சாயந்திரமே விட்டுவிட்டார்களாம். ஆனால் இன்று ஒரு பிள்ளையும் கடைப்பக்கம் போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

பெற்றோர் கூட்டம். மதுமதியே வந்து எழுந்து நின்று சொன்னாள். இது இல்லாத பொருள், பொய்யைக் கண்டுபிடிக்க வைத்த கேள்வி, இந்தத் தாளை வைத்து யாரையும் எதுவும் சொல்லக்கூடாது என்று. ஒரு மிகை கிடையாது அவள் பேச்சில். என் ரத்தம்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஹெட்மாஸ்டர் எழுந்தார். “பாப்பா, பிள்ளைக பதிலை வெளிய சொல்லமாட்டேன்னு நீ வாக்குக் குடுத்திருக்கே. அதான் மூடி மறைக்கே. உன் நேர்மை எங்களுக்குப் புரியுது” என்றார். அவளுக்கே கைதட்டினார்கள்!

கடையை கேட்டிலிருந்து எடுக்கத் தீர்மானம். நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்கு முன்பே பின்வரிசையில் ஒரு சிரிப்பு. உட்கார்ந்துவிட்டேன். எதற்கு உட்கார்ந்தேன்? இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லி?

ஆகஸ்ட் 3

எழுத ஒன்றுமில்லை. தினமும் அந்தக் கடையில் ஒரு ரீஃபில் வாங்குகிறேன். மேஜையில் ஒரு கத்தை சேர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினோம். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு: ‘நீலக்கிளியை ஒழிப்போம்.’ நடுவர்களில் நானும் ஒருவன். நல்ல உச்சரிப்பு.

ஆகஸ்ட் 19, திங்கள்

கேட்டில் கடை இல்லை. நான்கு செங்கல் கிடந்தது.

பதினோரு மணிக்குத் தாஜ் முகம்மது மகளோடு ஆபீசுக்கு வந்தார். மைதீன் பாத்திமா, என் ஒன்பதாம் வகுப்புதான். டி.சி. வாங்க வந்திருக்கிறார்கள். நாங்குநேரியில் மச்சான் இருக்கிறாராம், அங்கே பஸ் நிற்கிற பக்கம் கடை போடப் போகிறாராம்.

“நான் விக்கல வாத்தியாரய்யா.”

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

“ஆனா எவனோ விக்கான். இத்தன பிள்ளைக பொய்யா எழுதும்? எம் மவளக் கேட்டேன். ‘தெரியும் வாப்பா’ங்கா. வயசுப் பிள்ள. அதான் இந்த ஊரே வேண்டாம்னு.”

ஆபீஸ் வராந்தாவில் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், மதுமதி, காபி, பெயர் வைத்தது. குடை, முதலை எல்லாம் பொய், இது ஒன்றுதான் மெய் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து என் தோளைத் தொட்டார்.

“எனக்காவ நீங்க பழிய ஏத்துக்கிடுதீய. பெரிய மனசு. வேண்டாம், நல்லாயிருங்க.”

டி.சி. கைக்கு வந்தது. படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

“நாங்குநேரிக்கு அது வந்துட்டுதா வாத்தியாரய்யா? உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

“அங்கன இன்னும் வரல” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ஒரு மாதமாக நான் பார்க்காத தெளிவு அந்த முகத்தில். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பைய நடந்து பஸ்ஸுக்குப் போனார்.