கூரை வேய்பவரிடம் வேறு நாள் கேள்

அன்பே,

எங்கள் பத்திரிகை கைமாறியது உறுதி. நிறுவன விற்பனைகளைப் பதியும் வணிக நீதிமன்ற எழுத்தரே இன்று தொலைபேசியில் சொன்னார். வாங்கியவர் லோரியான் நகர மீன் ஆலை முதலாளி. ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் பற்றி நான் எழுதிய செய்தியை ஆசிரியர் கொராந்தேன் மாலையிலேயே நிறுத்திவிட்டார்.

"முதலாளி வீட்டுக் குப்பைய அவரு பேப்பர்லயே கொட்டுவீங்களா, பெரியவரே?" என்று கேட்டார்.

"வேற எங்க கொட்டுறது? ஆத்துலதான் அவரே கொட்டுறாரே!" என்றேன்.

சிரித்தார். ஆனால் செய்தியை வெளியிடச் சம்மதிக்கவில்லை.

உரிமையாளர் மாறினால் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு விலகச் சட்டம் இடம் தருகிறது. எங்களில் பாதிப் பேர் இன்றே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வரும் பணத்தில் கிபெரோன் கடற்கரையில் உள்ள நம் வீட்டுக் கூரையை மாற்றலாம் என்று நீ காத்திருக்கிறாய்.

விலகியவர்களுக்கு வாக்கு கிடையாது. செய்தி அச்சாகும்வரை வேலைநிறுத்தம் செய்வதா என்று வியாழக்கிழமை வாக்கெடுக்கிறோம். "நீங்களும் போயிட்டா நாங்க தோத்துருவோம். அப்புறம் போய் உங்க கடல்ல நல்லா மீன் பிடிங்க!" என்றாள் துறைமுகச் செய்தி எழுதும் சொலேன்.

கூரை வேய்பவரிடம் வேறு நாள் கேட்டுப் பார். அதுவரை ஒழுகும் அறையில் படுக்காதே.

வாக்கெடுப்பின் முடிவு வியாழன் மாலை ஆறு மணிக்குத் தெரியும். உன் பதில் எப்போது வரும் என்றுதான் தெரியவில்லை.

உன்னுடையவன்