மூன்று மாற்றல் மனுக்கள்

அன்பு மனைவிக்கு,

நீ அம்மா வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது. பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

போன மாதம் என் படைப்பிரிவில் மூன்று இளம் அதிகாரிகள் ஒரே வாரத்தில் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். மூவரும் கெட்டிக்காரர்கள். அவர்களில் ஒருவரான லெப்டினன்டைக் கூப்பிட்டு, "வேலை பிடிக்கலையா?" என்று உறுமினேன்.

"வேலைன்னா உயிர் சார். ஆனா உங்க ஜீப் சத்தம் கேட்டாலே ஆளுக்கொரு பக்கம் ஓடி ஒளியுறோம். நாங்க சொல்றதை ஒரு தடவைகூட நீங்க முழுசா கேட்டதில்ல."

வழக்கம்போல் என்றால் அவரை அங்கேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்று நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தை முன்பே கேட்டிருக்கிறேன். நம் வீட்டில், யார் வாயால் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

மூன்று மனுக்களிலும் சம்மதம் என்று கையெழுத்திட்டேன். அனுப்புவதற்கு முன், அடுத்த பயிற்சியை அவர்களையே திட்டமிடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டேனோ! என் திட்டத்தைவிட அவர்களுடையது நன்றாக இருந்தது. அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

இருவர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். லெப்டினன்ட் போகிறார். குறை என்னுடையது, அவருடையதல்ல என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன்.

ஒரே மாதத்தில் புலி பசுவாகிவிடாது, தெரியும். ஆனாலும் முயற்சியை விடுவதாக இல்லை.

ஞாயிறு காலை வருகிறேன். வீட்டுக்கு வா என்று கேட்க மாட்டேன். நீ பேசு, எவ்வளவு நேரமானாலும் சரி. குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன் கணவன்