அண்ணா தலைகீழாக வைத்த வளையம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதாம். நாங்கள் மீள்குடியேறி வந்த நாளிலிருந்து இந்த மணல் றோட்டால்தானே பள்ளிக்கூடம் போய் வருகிறேன். இன்றைக்கு முதல் ஒருநாளாவது விழுந்தேனா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணா தன் மவுண்டன் சைக்கிளுக்குப் முன்சில்லைத் தாங்கும் புது ஷொக் ஃபோர்க் போட்டான். என்னுடைய ஃபோர்க் கடற்காற்றின் உப்பில் துருப்பிடித்திருந்ததால், தான் கழற்றிய பழையதை எனக்கு மாட்டினான். அப்போது ஹேண்டிலின் கழுத்துக்குள் சின்ன இரும்புக் குண்டுகள் உள்ள வளையத்தைத் தலைகீழாக வைத்தான்.

"அண்ணா, அது மற்றப் பக்கமெல்லோ வரவேணும்?" என்றேன்.

"நீ போய்க் கறியைப் பார். வந்திட்டா பெரிய மெக்கானிக்!"

இன்று இராணுவக் காவலரணுக்கு முன்னால் ஹேண்டில் இறுகித் திரும்பாமல் நின்றது. விழுந்தேன். ஆமிக்காரன் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினான். அவ்வளவுதான். நான் வீடு வருவதற்குள், ஆமிக்காரன் என் கையைப் பிடித்தான் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

"இனிச் சைக்கிளும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம்" என்றார் அப்பா.

"இவளுக்கு பலன்ஸ் இல்லை அப்பா" என்று சிரித்தான் அண்ணா. பிழை விட்டவனுக்குச் சிரிப்பு!

வளையம் தலைகீழ் என்று சொன்னால் அடிப்பான். இதை எழுதும் கொப்பியைக் கண்டாலும் அடிப்பான். அப்பாவும் அவனைத்தான் நம்புவார்.

விடியட்டும். "ஒருக்கால் ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கோ அப்பா" என்று மட்டும் கேட்பேன். எங்கே இறுகுகிறது என்று அவருடைய கைக்குத் தெரியும். தெரியாவிட்டால், ஸ்பனரை எடுத்து அவருக்கு முன்னாலேயே அந்த வளையத்தை நான் கழற்றிக் காட்டுவேன். அண்ணா அடித்தால் அடிக்கட்டும்.