ஐயாவுக்கு வாங்கிய சவரக்கத்தி

வவுனிக்குளம்
9.9.1963

அன்பு மகன் தவராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நானும் உன் ஐயாவும் உயிரோடு இருக்கிறோம், மாடுகள் இரண்டும் சுகம். உன் சுகம் உன் கடிதத்தில் இருந்தது, அருந்ததியின் சுகத்தை நீ எழுதவில்லை. கடிதத்தின் அடியில் அவள் எனக்கென்று எழுதியிருந்த நாலு வரியும் கோணிக் கிடந்தது. குசினியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது மாமி, இடது கையால் எழுதுகிறேன் என்றிருந்தாள். கலியாணம் முடித்து ஏழு மாதத்தில் இது மூன்றாவது தரம். முதலில் அலுமாரிக் கதவு முகத்தில் அடித்தது, பிறகு படியில் சறுக்கியது, இப்போது குசினி. அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதற்காக அவளில் கோபித்துவிடாதே. முப்பது வருடமாக நான் ஊருக்குச் சொன்ன பொய்களைத்தான் அவள் எனக்குச் சொல்கிறாள், என்னிடமே அது எடுபடுமா? நீ அவளை அடிக்கிறாய். எனக்குத் தெரியும். ஐயாவுக்கு இப்போது யார் சவரம் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய், நான்தான் செய்கிறேன். அதை உனக்கு விபரமாகச் சொல்லப் போகிறேன், முழுவதையும் வாசி, பாதியில் மடித்து வைக்காதே.

ஆனி மாதம் சிறுபோகத் தண்ணீருக்கு நடந்த சண்டையை முதலே எழுதியிருந்தேன். பக்கத்து வயல் வீரகத்தியின் தண்ணீர் முறையில் ஐயா வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பியதும், கேட்க வந்த அவனுடைய மகனின் மண்டையை மண்வெட்டிப் பிடியால் உடைத்ததும், பிறகு வீரகத்தியும் தம்பிமாரும் அவரை வரம்பில் கிடத்தி இரும்பு அலவாங்கால் இரண்டு கையையும் முறித்ததும் உனக்குத் தெரியும். நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நான் அப்போது சாப்பாட்டோடு வரம்பில் நின்றேன். முதல் கைக்கு அடி விழுந்தபோது கத்திக் குழறினேன். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன். இரண்டாவது கையைப் பிடித்து நீட்டி வைத்தார்கள், அப்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வலது கை அது.

வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்து அவரைக் கொண்டுவந்தபோது தாடி முகம் முழுக்கப் பற்றையாக வளர்ந்து, பேன் பிடித்து, சொறிய வழியில்லாமல் சுவரில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு கிடந்தார். பதினைந்து நாளைக்கு ஒருக்கால் வீட்டுக்கு வந்து வழித்துவிடுகிற நடராசாவுக்கு ஆள் அனுப்பினேன். அந்த மனுசன் படலைக்கு இங்கால் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் காதில் சின்னக் கீறல் பட்டதற்கு ஐயா அவனை முற்றத்தில் போட்டு மிதித்தாரே, அதை அவன் மறக்கவில்லை. "அம்மா, அவரின்ரை கழுத்து என்ரை கைக்குக் கிட்ட வந்தால் என்ரை புத்தி என்னோடை நில்லாது, நீங்களே செய்யுங்கோ" என்றான். ஆனால் எப்படிப்பட்ட கத்தி வாங்க வேண்டும் என்று படலையிலேயே நின்று சொல்லித் தந்தான். மடக்கினால் அலகு பிடியின் நடுவில் விழ வேண்டும், பக்கத்தில் உரசக் கூடாது. ஆணி ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே அலகின் வாயைப் பிடித்துப் பார்த்தால் எங்கேயும் மினுங்கக் கூடாது, மினுங்கினால் அந்த இடம் மழுங்கல். வாயைப் பெருவிரலால் குறுக்கே தொட்டுப் பார்க்கலாம், நீளத்துக்கு ஓட்டினால் விரல் போய்விடும்.

மாங்குளம் சந்தியில் பாறூக்கின் கடைக்குப் போனேன். நாலு கத்தி எடுத்து வைத்தார். அகலமான, வெள்ளைப் பிடி போட்ட ஒன்றுக்கு என் கை போனது. "அக்கா, உது கை பழகின ஆக்களுக்கு. முனை கூர், காதுச் சோணையையும் சேத்துக் கொண்டு போயிடும். முதல் கத்திக்கு முனை உருண்டிருக்க வேணும்" என்று கறுப்புப் பிடி போட்ட ஒடுக்கமான ஒன்றைத் தந்தார். தீட்டுகிற தோல்வாரில் மட்டும் மலிவானதை எடுங்கோ என்றார், முதல் வாரை எல்லோரும் வெட்டித்தான் பழகுவார்களாம். எனக்கு ரோசம் வந்துவிட்டது. முப்பது வருடம் அரிவாள் தீட்டின கைக்கு இவர் என்ன சொல்கிறார் என்று நல்ல வாராகவே வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து, அரிவாளைக் கல்லில் தள்ளுவதுபோல வாயை முன்னுக்கு விட்டுத் தள்ளினேன், மூன்றாவது தள்ளலில் வார் இரண்டு துண்டு. கல்லுக்கு வாய் முன்னே போக வேண்டும், தோலுக்கு முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். கமக்காரிக்கு இது எங்கே தெரியும்?

அப்போதுதான் ஆணியில் தொங்கிய ஐயாவின் இடுப்புப் பட்டி கண்ணில் பட்டது. உன் இடது காது கேளாமல் போனது அதன் பித்தளைப் பூட்டால்தான். வீட்டில் அதைவிட வழுவழுப்பான தோல் வேறு இல்லை, முப்பது வருடம் எங்கள் முதுகில் பதப்பட்ட தோல். பூட்டை அறுத்து எறிந்துவிட்டு ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறு நுனியை இழுத்துப் பிடித்துத் தீட்டினேன். அந்தச் சத்தத்துக்கு உள்ளே கிடந்தவர் இருமலை நிறுத்திவிட்டார்.

முதல் நாள் அவரைக் கதிரையில் இருத்தித் தோளோடு சேர்த்துச் சால்வையால் கட்டி, நீளத்தைக் கத்தரித்து, சுடுதண்ணீரில் துவாயை நனைத்து முகத்தில் போட்டுவிட்டுச் சவர்க்காரத்தை நுரைக்கத் தடவினேன். தோலை இழுத்துப் பிடிக்க மறந்துவிட்டேன். இரண்டாவது இழுவையிலேயே கன்னத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு, நுரையெல்லாம் சிவந்துபோனது. அவர் எழுதக் கூடாத பேச்சுப் பேசிக் காலைத் தூக்கி என் வயிற்றில் உதைத்தார். கை போனாலும் கால் இருக்கிறதே. உனக்கு முன்னால் வயிற்றில் ஐந்து மாதத்தில் அழிந்த பிள்ளையும் அந்தக் காலால்தான் அழிந்தது, உனக்கு இதுவரை நான் அதைச் சொன்னதில்லை. நிலத்தில் விழுந்தேன், எழும்பினேன், கத்தி கையில்தான் இருந்தது. தலைமயிரைப் பிடித்து அண்ணாக்க இழுத்து, குரல்வளையில் கத்தியை வைத்து அழுத்தினேன். வெருட்டுவதற்காக இல்லை தவராசா, கொல்லத்தான் அழுத்தினேன். தோல் விட்டது, இரத்தம் கழுத்தால் இறங்கிச் சால்வையில் ஊறியது, அவருடைய சாரம் மூத்திரத்தால் நனைந்தது. "வேண்டாமப்பா, வேண்டாமப்பா, இனிச் செய்யமாட்டன்" என்றார். செய்யாத குற்றத்துக்கெல்லாம் நான் அவருடைய காலடியில் கிடந்து சொன்ன சொல் அது, எழுத்துக்கெழுத்து அதேதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறபோது கை நில்லாது, அதனால் கத்தியை எடுத்தேன். அவ்வளவுதான் காரணம், அம்மா பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. படிகாரம் தேய்த்து இரத்தத்தை நிறுத்திவிட்டு மற்றக் கன்னத்தையும் வழித்து முடித்தேன். அரைத் தாடியோடு ஒரு மனுசனை விட ஏலாதுதானே.

இப்போது மூன்று நாளைக்கு ஒருக்கால் செய்கிறேன், வெட்டு விழுவதில்லை. கதிரையைக் கண்டதும் தானாகவே வந்து இருந்து கழுத்தை நிமிர்த்துகிறார். நீ சாப்பிட்டனியோ என்று கேட்கிறார். பக்கத்து வளவு இரஞ்சிதம், வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று கைகூப்புகிறாள். அவர் திருந்தவில்லை, பயந்திருக்கிறார். வலது கை இனி மடங்காது என்று வவுனியா டாக்டர் சொன்னபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதையும் உனக்கு ஒளிக்கவில்லை. இப்படி ஒரு வயோதிபம் உனக்கு வேண்டுமா மகன்? சோறு தருகிற கையைப் பார்த்து ஒவ்வொரு நாளும் நடுங்கிக்கொண்டு, கண்ணை மூடவும் தைரியமில்லாமல்? உன்னில் படாமல் எத்தனை அடியை நான் என் முதுகில் வாங்கியிருப்பேன், அப்படிக் காப்பாற்றிய பிள்ளை இன்னொருத்தி வளர்த்த பிள்ளையின் கையைத் திருகுகிறான் என்றால் என் வயிறு எரிகிறது. உன்னை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன்னில் உயிராகவும் இருக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு உனக்கு விளங்காது.

பாறூக்கிடம் இன்னொரு கத்தி வாங்கினேன், அதுவும் முனை உருண்டது. இந்த முறை மலிவான வாராக எடுத்தேன், அருந்ததியும் வெட்டித்தானே பழக வேண்டும். பாறூக்கின் தம்பி சரீப் வருகிற கிழமை புடைவை வியாபாரமாக நீ இருக்கிற ஹற்றனுக்கு வருகிறார். உன் கையில் கொடுக்க வேண்டாம், அருந்ததியின் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படித் தீட்டுவது, தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது, எந்த இடத்தில் கை கவனம் என்று அவளுக்கு நாலு பக்கம் தனியாக எழுதியிருக்கிறேன், எனக்கு நடந்ததையும் எழுதியிருக்கிறேன். இனி நீ சலூனுக்குப் போகக் கூடாது. மூன்று நாளைக்கு ஒருக்கால் அவள் முன்னால் கதிரையில் இருந்து அண்ணாந்து கொடு. இது உன் அம்மா சொல்கிற சொல். இதையும் தட்டினாயானால் நானே பஸ் ஏறி வருவேன், வெறுங்கையோடு வரமாட்டேன்.

முறிகண்டிப் பிள்ளையார் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும், அவளை முதலில் காக்கட்டும். குளிருக்குக் காதில் துணி கட்டிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மறந்துவிடாதே. மணிக்கட்டு வீக்கம் வற்றும்வரை அவளால் கத்தி பிடிக்க முடியாது, பிடித்தாலும் கை நடுங்கும். அதுவரை தாடியோடுதான் வேலைக்குப் போக வேண்டும். தாடியைக் கண்டால் சனம் வீட்டில் யார் செத்தது என்று கேட்கும். இதுவரைக்கும் ஒருவரும் இல்லை என்று சொல்லு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
அன்னபாக்கியம்