மோசமாகப் பாடுகிற சேச்சி

இன்று காலை தோப்பும்படியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டு வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ புதுப் பலூன் பாக்கெட்டைக் கிழித்தார்கள். அந்த ரப்பர் வாசனையும் வெள்ளைப் பவுடரும் மூக்கில் ஏற, ஒரு தும்மல் வந்தது. தும்மலோடு நீயும் வந்துவிட்டாய். முடியெல்லாம் பவுடர், பல்லிடுக்கில் நூல், கையில் பம்பு. வீடு திரும்பியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள் எழுதும் தமிழ் இது. தென்காசிக்காரி நீ, பிழை பார்த்தால் சிரித்துவிட்டு மேலே படி.

நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடியபோது நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன் கானமேளா குழுவில் கோரஸ் பாடியவள், அதன் பிறகு பல வருடம் அந்தக் கடையின் மைக்கில் தள்ளுபடி அறிவித்தே தொண்டையைத் தேய்த்தவள். கடை போனதும், தெரிந்தது பாட்டும் மைக்கும்தான் என்று துணிந்து, பழைய ஸ்பீக்கர் ஒன்றும் மைக் இரண்டும் வாங்கினேன். வீட்டு விசேஷங்களில் கரோக்கே நடத்தித் தரப்படும் என்று ஒரு படம் செய்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஓரிருவரும் டிஜே உண்டா என்று கேட்டுவிட்டு வைத்தார்கள். வீட்டில் அவர், வேறு கடையில் வேலை கேட்டுப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். எனக்கும் அதுதான் சரியென்று பட ஆரம்பித்தது.

நீ அப்போது பிறந்தநாள் வீடுகளுக்குப் பலூன் கட்டப் போய்க்கொண்டிருந்தாய். எதிர்வீடு. ஒரு சாயங்காலம் சாயா குடிக்க வந்து, சர்க்கரை போதவில்லை என்று சொல்லும் குரலிலேயே சேதியைச் சொன்னாய்.

“சுள்ளிக்கல்லுல ஒரு அறுவதாம் பொறந்தநாளு. பலூனோட பாட்டும் உண்டுன்னு சொல்லிட்டேன்ட்டி. ஞாயித்துக்கெழம மத்தியானம்.”

என்னைக் கேட்காமல் எப்படிச் சொன்னாய் என்று கோபப்பட்டேன். கேட்டிருந்தால் நான் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேனாம், அவர்கள் அதற்குள் அறுபத்தொன்றைக் கொண்டாடிவிடுவார்களாம் என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுள்ளிக்கல்லுக்குப் போனோம். வீடு நிறைய ஆட்கள், வளைகுடாவிலிருந்து வந்திருந்த பிள்ளைகள், பேரக்குழந்தைகள். என் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்று முதல் பாட்டை நானே பாடினேன். கானமேளாவில் எனக்குக் கடைசிவரை கிடைக்காத தனிப்பாட்டு அது. ஒரு பிசிறு இல்லாமல் பாடினேன். பலமாகக் கைதட்டினார்கள். அடுத்து யார் என்று மைக்கை நீட்டினேன். ஒருவரும் வரவில்லை. மருமகள் மாமியாரைக் காட்டினாள், மாமியார் தம்பியைக் காட்டினார், தம்பி கைப்பேசியைப் பார்த்தார். நான் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். வெறும் இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரோக்கேயில் அதைவிடக் கேவலம் வேறில்லை. முதல் புக்கிங்கே கடைசியும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் நீ ஸ்டூலிலிருந்து இறங்கினாய். பம்பைக் கீழே வைத்து, சேலையில் கை துடைத்து, என் கையிலிருந்து மைக்கை வாங்கினாய். உனக்குப் பாட வராது என்று அதுவரை எனக்குத் தெரியாது. இசை முன்னால் போனது, நீ பின்னால் போனாய். பிறகு நீ முந்திக்கொண்டு, பல்லவியை முடித்துவிட்டு இசை வந்து சேரும்வரை காத்திருந்தாய். சரணத்தில் சொல் மறந்தபோது லாலாலா போட்டு நிரப்பினாய். பேரக்குழந்தைகள் தரையில் உருண்டன. நீயும் சிரித்துக்கொண்டே, ஆனால் ஒரு வரியையும் விடாமல், முழுப்பாட்டையும் பாடி முடித்தாய்.

பிறந்தநாள்காரர் எழுந்தார். “இது மதியெங்கில் ஞானும் பாடாம்,” என்றார். இது போதுமென்றால் நானும் பாடுகிறேன் என்று அவர் மைக்கை வாங்கியதும் வீடே கலகலத்தது. அவருக்குப் பிறகு மாமியார், அவருடைய தம்பி, மருமகள்கள் எல்லோரும். பிரியாணி ஆறிப்போனது. கடைசியில் மைக்குக்கு அடிதடி.

உன் ஸ்கூட்டரில் திரும்பும்போது, தலையைத் திருப்பாமல் கேட்டாய்.

“நல்லா பாடுனேனாட்டி?”

“இல்ல. மூணு ஸ்ருதியில பாடின.”

“மூணா? ஒண்ணுதான் உண்டுன்னுல்லா நெனச்சேன்.”

சிரித்துச் சிரித்து நான் மடியிலிருந்த ஸ்பீக்கரை நழுவ விட்டுவிடப் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஆலுவாவிலிருந்து போன் வந்தது, சுள்ளிக்கல் வீட்டின் உறவினர்கள், ஒரு நிச்சயதார்த்தம். எல்லாம் பேசி முடித்த பிறகு போனில் பேசிய பெண் தயங்கித் தயங்கி, அன்றைக்கு மோசமாகப் பாடிய சேச்சியும் வருவார்களா என்று கேட்டாள். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒருநாள் முழுக்கத் தவித்தேன். சொன்னதும் உன் முகம் விளக்குப் போட்டது போல் ஆனது.

“அப்ப என்னையத்தான் புக் பண்ணியிருக்காவ. நீயும் கூட வா.”

அப்படித்தான் நம் தொழில் வளர்ந்தது. காது குத்து, பால் காய்ச்சு, பணி ஓய்வு விருந்து. ஒவ்வோர் இடத்திலும் முதல் பாட்டு உன்னுடையது. நீ மேடையேறினால் போதும், அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தாங்கள் நல்ல பாடகர்கள் என்று தோன்றிவிடும்.

பிறகு ஒரு காலை, தலைவலி என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள், அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத எனக்குத் தமிழும் போதாது, மலையாளமும் போதாது.

காக்கநாட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விழாவை நீ ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தாய். உன் காரியம் முடிந்த மறுவாரம் அது. வரமுடியாது என்று சொல்லப் போனை எடுத்தபோது உன் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அண்ணன்.

“அவ வாரேன்னு சொல்லியிருக்கா. நீங்க போங்க. பலூனு நான் கட்டுதேன்,” என்றார்.

போனோம். அண்ணன் டைல்ஸ் ஒட்டுவது போலவே நூல் பிடித்து அளந்து பலூன் கட்டினார். நான் மைக்கைப் பிடித்து வரவேற்புச் சொன்னேன், அதற்கு மேல் குரல் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. அண்ணன் வந்து மைக்கை வாங்கினார். நீ எப்போதும் பாடும் அதே பாட்டு. அவர் பாடியபோதுதான் அந்தப் பாட்டு உண்மையில் எப்படிப்பட்டது என்று தெரிந்தது. என்ன குரல் தெரியுமா. உனக்குத் தெரிந்திருக்கும். கூட்டம் அசையாமல் கேட்டது. பிறகு இதுவரை பாடியதே இல்லையே என்று அவரைக் கேட்டேன்.

“வீட்டுல அவதான் பாடிக்கிட்டே இருப்பா. எனக்கு எங்க எடம் கெடச்சுது?” என்றார்.

ஆனால் வேடிக்கையைக் கேள். அவர் முடித்ததும் கைதட்டல் ஓயவே இல்லை, அடுத்துப் பாடவும் ஒருவரும் வரவில்லை. அத்தனை நன்றாகப் பாடிக் கெடுத்துவிட்டார். சுள்ளிக்கல்லில் நான் செய்ததையே செய்திருந்தார். அந்த நினைப்பில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் முதல் சிரிப்பு. சிரிப்போடு குரலும் வந்தது. மைக்கில் கேட்டேன்: இங்கே பாடவே வராதவர் யார்?

பின்வரிசையில் ஒரு பல் டாக்டரின் கையை அவர் கணவரே பிடித்துத் தூக்கினார். அந்தம்மா வந்தார், பாடினார். நீ தோற்றிருப்பாய். கூட்டம் ஆரவாரித்தது. அதன் பிறகு மைக் என் கைக்குத் திரும்பவே இல்லை.

இப்போது எல்லா இடத்திலும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறேன். அண்ணனும் விடுமுறை நாட்களில் வருவார், அவர் பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் நான் விடவில்லை. ஆலுவாவில் நீ பாடியபோது, தப்பு வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று இசையைச் சத்தமாக வைத்தேன். நீ பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, “கொறைட்டி, என் கொரலு எனக்கே கேக்கல,” என்றாய். இன்று தோப்பும்படியில் பாட வராத ஒரு மாமா மைக்கைப் பிடித்தார். அவர் வாயைத் திறந்ததும் என் விரல் தானாகவே குமிழுக்குப் போய் இசையைக் குறைத்தது. தன் குரலைத் தானே கேட்டு அவர் ஒரு கணம் திடுக்கிட்டார். பிறகு இன்னும் உரக்கப் பாடினார்.